நம்ம ஊரு தண்ணியில ஃப்ளோரைடு கலக்கணுமா? கிராம சபையில வந்த சண்டை, தெரிஞ்சவக சொல்லுங்க

உப்புக்காத்து (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் உறவுகளே. எங்க ஊரு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல, கடலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில தெருவெளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடிஞ்சு தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுற நேரத்துல ஒரு தகராறு வந்துச்சு. ஸ்கூல்ல பல் முகாம் நடந்தப்ப பாதிப் புள்ளைகளுக்கு மேல சொத்தைன்னு எழுதிக் குடுத்துருக்காக. ஒரு தகப்பன் எந்திரிச்சு, வெளிநாட்டுல குழாத் தண்ணியிலேயே ஃப்ளோரைடு கலந்து விடுறாக, அதுனால புள்ளைக பல்லு நல்லாருக்கு, நம்ம டேங்குலயும் கலக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கன்னாரு. ஒடனே பின்னாடி இருந்து ஒரு பெரியவரு, ஃப்ளோரைடு வெசம்யா, எங்க அக்காவக் கட்டிக் குடுத்த ஊர்ல அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் பல்லெல்லாம் காவி ஏறி, முதுகு நிமித்த முடியாமக் கெடக்காகன்னு சத்தம் போட, அப்பறம் அங்கிட்டுப் பத்துப் பேரு இங்கிட்டுப் பத்துப் பேருன்னு ஆகிப்போச்சு. கடைசியில எதுவுமே எழுதாம அடுத்த சபைக்குத் தள்ளி வச்சுட்டாக.

எனக்கு அந்த ரெண்டு பேரையும் சின்ன வயசுல இருந்து தெரியும், ரெண்டு பேருமே பொய் சொல்ற ஆளுக இல்ல. அதுனாலதான் மண்டைக்குள்ள கொடையுது. அக்டோபர் 2க்கு முன்னாடி வெவரம் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். யாருக்குத் தெரியுமோ பொறுமையாச் சொல்லுங்க, எம் மக ரெண்டாவது படிக்கிறா, அவளுக்கும் நாலு பல்லு சொத்தை.

கால்கரி_தம்பி:

அண்ணே, நான் தங்கச்சிமடம்தான், இப்ப கனடாவுல கால்கரியில இருக்கேன். நீங்க சொல்ற சண்டை இங்க பல தலைமுறையா நடக்குது. ஓட்டு மேல ஓட்டு வச்சு, வேணாம் வேணாம்னே வந்து, கடைசியா 1989ல மக்கள் சரின்னு சொல்லி 1991ல கலக்க ஆரம்பிச்சாக. 2011ல நகராட்சிக் கவுன்சில் நிப்பாட்டிருச்சு. பக்கத்துல எட்மண்டன்னு இன்னொரு ஊரு, அவுக 1967ல இருந்து விடாமக் கலக்குறாக. அதுனால ஆராய்ச்சி பண்றவகளுக்கு வசதியாப் போச்சு, ஒரு ஊரு நிப்பாட்டிருச்சு ஒரு ஊரு நிப்பாட்டல, ஏழெட்டு வருசம் கழிச்சு ரெண்டாம் வகுப்புப் புள்ளைக பல்லப் பாத்தாக. கால்கரியில 65 சதவீதம் புள்ளைகளுக்கு சொத்தை, எட்மண்டன்ல 55. அப்பறம் 2021ல மறுபடியும் ஓட்டு, 62 சதவீதம் பேரு கலக்கணும்னாக. மெசின் எல்லாம் புதுசா வச்சு 2025 ஜூன் 30ல இருந்து திரும்பக் கலக்குறாக, லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்.

எம் பையன் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறான், எனக்கு ஒரு பயமும் இல்ல. கலக்குற எடத்துல அளவு பாத்துக்கிட்டே இருக்காக. உங்க ஊர்ல அந்தத் தகப்பன் கேட்டதுல தப்பே இல்லண்ணே.

ஊரணிக்கரை:

தம்பி சொல்றது ஒரு பக்கம். அமெரிக்காவுலயே யூட்டா மாநிலம் 2025ல தண்ணியில கலக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுருச்சு, அடுத்து ஃப்ளோரிடாவும் போட்டுருச்சு. 2024ல அவுக அரசாங்கத்தோட நச்சுயியல் அமைப்பு ஒரு பெரிய அறிக்கை விட்டுருக்கு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு உள்ள தண்ணி குடிச்ச எடங்கள்ல புள்ளைகளோட அறிவுத்திறன் மதிப்பெண் கொறைஞ்சதோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னு. தண்ணிங்கிறது எல்லாரும் குடிச்சே ஆகணும். அதுல போயி ஒருத்தர் சம்மதம் கேக்காம மருந்த ஊத்துறது என்ன நியாயம்? எங்க அப்பத்தா ஊரணித் தண்ணியில தேத்தாங்கொட்டையத் தேச்சுத் தெளியவச்சுக் குடிச்சு எம்பது வயசுல கரும்பு கடிச்சுச்சு.

கால்கரி_தம்பி:

அண்ணே, அதே அறிக்கையில 0.7 அளவுல கெடுதல்னு சொல்ல ஆதாரம் பத்தலைன்னும் இருக்கு, அதையும் சேத்துச் சொல்லணும்ல.

ஊரணிக்கரை:

சரி தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா அந்த 1.5ங்கிற நம்பர ஞாபகத்துல வச்சுக்கங்க, நம்ம பக்கம் அதைத் தாண்டுன போர் எல்லாம் இருக்கு.

பல்டாக்டரம்மா:

நான் ராமநாதபுரத்துல பல் பாக்குறேன். உப்புக்காத்து அண்ணே, உங்க சபையில பேசுன ரெண்டு பேரும் சொன்னது உண்மைதான். அது எப்பிடின்னா இந்தக் கதையே அப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊரு, 1900 வாக்குல மெக்கேன்னு ஒரு பல் டாக்டரு அங்க போனா உள்ளூர்ப் புள்ளைக பல்லெல்லாம் காவி நெறம். இத்தன அசிங்கமா இருக்கேன்னு வருசக்கணக்காத் தேடுறாரு, பாத்தா அந்தக் காவிப் பல்லு சொத்தையாகுறதே கம்மி. 1931லதான் தண்ணியில இருக்க ஃப்ளோரைடுதான் காரணம்னு கண்டுபுடிச்சாக. அப்பறம் காவி ஏறாம, சொத்தையும் கொறையுற அளவு எதுன்னு பாத்து, 1945ல கிராண்ட் ராப்பிட்ஸ்ங்கிற ஊர்ல மொதமொதலா கலந்தாக. அதே காலத்துல, 1937ல, நம்ம பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவுல ஃப்ளோரைடு தண்ணியால எலும்பு கெட்டுப்போய் வளைஞ்சு கெடந்தவகளப் பத்தி டாக்டருக எழுதிட்டாக. ஒரே பொருளுதான், கொஞ்சமாப் போனா பல்லக் காப்பாத்தும், கூடிப்போனா அதே பல்லக் கெடுக்கும். பெரியவரோட அக்கா ஊரு அந்த ரெண்டாவது ஜாதி.

பல்லுல காவி ஏறுறது பல்லு உள்ளுக்குள்ள உருவாகுற வயசுலதான், எட்டு வயசு வரைக்கும் வச்சுக்கங்க. பெரியவுகளுக்குப் புதுசா அப்பிடி வராது. எலும்பு வேற கதை, 3லருந்து 6 மில்லிகிராம் உள்ள தண்ணியப் பல வருசம் குடிச்சா எலும்புல தெரிய ஆரம்பிக்கும், இன்னும் கூடுனா முதுகே நிமிராது. நம்ம நாட்டு அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாட்டி 1.5 வரைக்கும் விடலாம்னு வச்சுருக்காக.

இன்னொண்ணு. ஃப்ளோரைடு வேலை செய்யுறது பெரும்பாலும் பல்லு மேலதான், வயித்துக்குள்ள போய் இல்ல. இனிப்பத் தின்ன ஒடனே வாயில இருக்க கிருமி அமிலத்த விட்டு பல்லுல உள்ள சுண்ணாம்புச் சத்த உருவும், எச்சில்ல துளி ஃப்ளோரைடு இருந்தா அந்தச் சத்து திரும்பப் போய் பல்லுல ஒக்காரும். அதுக்குப் பேஸ்டு போதும். நம்ம கடையில விக்கிற ஃப்ளோரைடு பேஸ்டுல 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு) வரைக்கும் இருக்கலாம், அதாவது கால்கரி தண்ணியில இருக்கிறதப் போல ஆயிரம் மடங்குக்கு மேல. மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, ராத்திரி கட்டாயம், தேச்சுட்டுத் துப்பச் சொல்லுங்க, ஒடனே தண்ணி ஊத்திக் கொப்புளிக்க வேணாம். இப்ப இருக்க ஆராய்ச்சியெல்லாம் சேத்துப் பாத்தாலும், பேஸ்டு எல்லாப் பக்கமும் பரவுன பெறகு தண்ணியில கலக்குறதால கெடைக்கிற லாபம் முன்ன மாதிரி பெருசா இல்லன்னுதான் தெரியுது. எங்கிட்ட வர்ற புள்ளைகள்ல பாதிப் பேரு காலையில மட்டும் வெறலால தேச்சுட்டு அஞ்சு ரூபா ஜூஸ் பாக்கெட்ட ஒறிஞ்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போகுதுக. அத மொத நிப்பாட்டுங்க.

டேங்க்_ஆபரேட்டர்:

நான் ஒரு ஊராட்சியில மேல்நிலைத் தொட்டி பாக்குறேன், ஊர் பேரு வேணாம். படிச்சவுக பேசுறத எல்லாம் வாசிச்சேன், கலக்குற ஆளு நான்தானே அதுனால எழுதுறேன். இன்னிக்கி நான் பண்றது என்னன்னா ப்ளீச்சிங் பவுடர வாளியில கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய டேங்குல ஊத்துறது. அதுவே ஒரு நாள் வாடை தூக்கலா இருக்குன்னு பொம்பளைக திட்டுவாக, ஒரு நாள் வாடையே இல்லம்பாக. குளோரின் கூடிப்போனா மூக்கு சொல்லிரும், ஃப்ளோரைடுக்கு வாடையும் இல்ல ருசியும் இல்ல. அலாஸ்காவுல ஹூப்பர் பேன்னு ஒரு சின்ன ஊருல, நம்ம ஊருக மாதிரி மீன் பிடிக்கிற சனம், 1992ல கலக்குற மெசின் கோளாறாகி ஃப்ளோரைடு கண்டபடி ஏறிப்போய் ஒருத்தர் செத்தே போயிட்டாரு, இருநூறு பேருக்கு மேல வாந்தி வயித்துவலி. கால்கரியில ரெண்டே ரெண்டு பெரிய சுத்திகரிப்பு நெலையம், அங்க வச்சுக் கலந்தா ஊரு பூராவும் ஒரே அளவு போகும். இங்க ஊருக்கு ஊரு டேங்கு, டேங்குக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்குச் சம்பளம் எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. எங்கையில அந்தப் பவுடரக் குடுக்காதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

அதோட இன்னொரு வெவரம். திருச்சிப் பக்கம் காவிரி ஆத்துப் படுகையில கிணறு போட்டு இம்புட்டுத் தூரம் குழா வழியா வர்ற கூட்டுக் குடிநீர் எங்க டேங்குக்குத் தெனமும் வராது. வந்தா ஏத்துவேன், வராத அன்னிக்கி ஊர் போர் தண்ணிய ஏத்துவேன், பாதிப் பாதி கலந்தும் விடுவேன். அப்ப இந்த டேங்குல ஃப்ளோரைடு எவ்வளவுன்னு கேட்டா எந்த நாளுன்னு நான் கேப்பேன்.

வல்லத்துக்காரி:

எல்லாரும் டேங்கப் பத்தியே பேசுறீக. அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறா? நான் சொல்றேன் கேளுங்க. எங்க வீட்டுல நாலு தண்ணி. போர் தண்ணி குளிக்க, தொவைக்க. காவிரித் தண்ணி வந்தா சோறு பொங்க. குடிக்கிறதுக்கு ஆர்ஓ பிளான்டுல இருந்து வண்டியில கொண்டாந்து விக்கிறது, குடம் பத்து ரூபா. மழை பெஞ்சு ரெண்டு மூணு மாசம் மணல்ல ஊத்துத் தோண்டுனா நல்ல தண்ணி சொரக்கும், அத செரட்டையால அள்ளி அள்ளி நெறைப்போம், மாமியா அது இல்லாட்டி டீயே குடிக்காது. வீட்டுக்காரரு கடலுக்குப் போறப்ப கேன்ல கொண்டுபோறது வண்டித் தண்ணி. மக ஸ்கூல்ல குடிக்கிறது ஸ்கூல் வாசல்ல இருக்க அடிபம்புத் தண்ணி. டேங்குல நீங்க என்னத்தக் கலந்தாலும் எங்க வீட்டுல அது தொவைக்கிற சோப்புத் தண்ணியோட போயிரும். அந்த வண்டித் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கா இல்லையா, அடிபம்புல இருக்கா இல்லையா, யாருக்காச்சும் தெரியுமா?

உப்புக்காத்து:

மதினி, ஒங்க கேள்வியப் படிச்சுட்டு நான் அரை மணி நேரம் சும்மா ஒக்காந்துட்டேன். கிராம சபையில நூறு பேரு இருந்தோம், எந்தத் தண்ணின்னு ஒருத்தரும் கேக்கல.

லேப்_பரமக்குடி:

தண்ணி சோதிக்கிற வேலை பாத்தவன். ஆர்ஓ தண்ணியில ஃப்ளோரைடு பெரும்பாலும் போயிரும், நூத்துக்கு எம்பத்தஞ்சு தொண்ணூறு பங்கு மெம்பரேன் புடிச்சு நிப்பாட்டிரும். அப்பிடின்னா அந்தக் கழிவுத் தண்ணியில அது சேந்து நிக்கும், அதக் கொண்டுபோய்க் கெணத்துப் பக்கம் விடக்கூடாது, ஆனா விடுறாக. காவிரி மாதிரி ஆத்துத் தண்ணியில பொதுவாக் கம்மி. மழைத்தண்ணியில இல்லைன்னே சொல்லலாம், அதுனால மணல் ஊத்துலயும் ஊரணியிலயும் கொறைவாத்தான் இருக்கும். ஆழ்குழாய்தான் நம்ப முடியாதது. பாறையில, களிமண்ணுல பல காலம் கெடந்து ஊறுன தண்ணி, சுண்ணாம்புச் சத்துக் கொறைஞ்சு சோடா உப்பு கூடுன தண்ணி, அதுலதான் ஃப்ளோரைடு ஏறி நிக்கும். அந்த மாதிரித் தண்ணி சில சமயம் வாயில வழுவழுன்னு நல்லாவே இருக்கும், சனம் நல்ல தண்ணின்னு தேடிப்போய் எடுக்கும், அதான் கொடுமை. ஒரே தெருவுல நூறடி போர்ல ஒண்ணும் இருக்காது, முந்நூறடி போர்ல தாண்டி நிக்கும்.

தப்பா நெனைக்கிற ரெண்டு விசயம். ஒண்ணு, கையில பேனா மாதிரி ஒரு மீட்டர வச்சுக்கிட்டு வண்டிக்காரன் காட்டுவான்ல, அது மொத்த உப்பத்தான் காட்டும், ஃப்ளோரைடக் காட்டாது. ரெண்டு, காய்ச்சுனா போயிரும்னு நெனைக்காதீக, தண்ணி சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும்.

உப்பளத்தான்:

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துல வேலை. கால்கரித் தம்பி 0.7ன்னு சொல்ற கணக்கு குளுர் நாட்டுக் கணக்கு. நாங்க சித்திரையில பாத்தில நின்னா ஒரு ஆளு ஆறு லிட்டர் தண்ணி குடிப்போம். நீங்களே பெருக்கிப் பாருங்க, கனடாவுல ரெண்டு லிட்டர் குடிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 1.4 மில்லிகிராம், அதே தண்ணி எனக்கு 4.2. நம்ம நாட்டுல விடலாம்னு சொல்ற அந்த 1.5 உள்ள தண்ணின்னா ஒரு நாளைக்கு 9. பனையேறி, கருவாடு காயவைக்கிற பொம்பளைக, கடலுக்குப் போறவுக எல்லாருக்கும் இதே கணக்குத்தான். அப்ப எங்களுக்கு அளவுன்னு வச்சவுக யாரு எங்களப் பாத்து வச்சாக?

பல்டாக்டரம்மா:

அண்ணே, நீங்க கேட்டது நெசமாவே பெரிய கேள்வி. அமெரிக்காவுலயே முன்னாடி வெயில் ஊருக்குக் கம்மியாவும் குளுர் ஊருக்குக் கூடவும்தான் கலந்தாக, 0.7ல இருந்து 1.2 வரைக்கும், 2015லதான் எல்லாத்துக்கும் 0.7ன்னு ஆக்குனாக. உலக சுகாதார நிறுவனமும் 1.5ன்னு ஒரு அளவச் சொல்லிட்டு, அந்தந்த ஊர் வெயிலையும் சனம் குடிக்கிற அளவையும் பாத்து வைங்கன்னுதான் சொல்லுது.

கீழக்கரை_காக்கா:

எனக்கு ஒரு ரோசனை. தண்ணியில வேணாம், உப்புல கலந்தா? ஸ்விட்சர்லாந்துல 1955ல இருந்து ஃப்ளோரைடு உப்பு விக்கிறாக, பாசல்னு ஒரு ஊர்ல 1962ல இருந்து தண்ணியில கலந்துக்கிட்டு இருந்தவக 2003ல நிப்பாட்டி உப்புப் பக்கம் போயிட்டாகன்னு படிச்சேன். அயோடின் உப்பு மாதிரி வேணும்ங்கிறவுக வாங்கிக்கலாம்ல, ஊரணிக்கரை அண்ணன் சொன்ன சம்மதமும் வந்துரும்.

லேப்_பரமக்குடி:

காக்கா, தனியாப் பாத்தா நல்ல ரோசனை. ஆனா அவுக ஃப்ளோரைடு தண்ணி உள்ள ஊருக்கு அந்த உப்ப அனுப்பாம இருக்கலாம். நம்ம கடையில விக்கிற உப்பு எந்த ஊருக்குப் போகும்னு யாரு தடுக்கிறது? தருமபுரிக்கும் போகும்.

தருமபுரி_மருமகன்:

தருமபுரின்னு பேரு வந்துருச்சு, அதுனால எழுதுறேன். பொண்ணு எடுத்தது பென்னாகரம் பக்கம். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுச் சனத்தோட நின்னு போட்டோ எடுத்தப்ப ஒருத்தரும் பல்லு தெரிய சிரிக்கல. நான் ஏதோ நம்மளப் புடிக்கலை போலன்னு நெனைச்சுட்டேன். பெறகுதான் எம் பொஞ்சாதி சொல்லுச்சு, சின்னப்புள்ளையில இருந்து வாயக் கையால பொத்திக்கிட்டுச் சிரிச்சே பழகிப்போச்சுன்னு. அவ தாத்தா கழுத்தத் திருப்பணும்னா ஒடம்பையே திருப்பணும். வேற ஒரு தப்பும் இல்ல, வீட்டுக்கு எதுக்க இருந்த போர் தண்ணியக் குடிச்சாக.

அங்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு ஜப்பான் கடன்ல கொண்டாந்தாக, 1928 கோடி ரூபா, 2013ல தொறந்தாக. அதோட பேர்லயே ஃப்ளோரைடு பாதிப்பக் கொறைக்கிறதுன்னு இருக்கு. தண்ணியில இருந்து இத எடுக்க அம்புட்டுக் காசு செலவழிச்ச மாநிலம் இது. உப்புக்காத்து அண்ணே, சபையில சத்தம் போட்டாருன்னு சொன்னீகளே அந்தப் பெரியவரு, அவரக் கொஞ்சம் ஒக்கார வச்சுப் பேசச் சொல்லிக் கேளுங்க, அவரு அக்காவப் பாத்துட்டு வந்த வலியிலதான் அவரு சத்தம் போட்டுருப்பாரு.

கால்கரி_தம்பி:

தருமபுரி மாமா, படிச்சுட்டேன். எங்க ஊருக்கு கலக்குறதுதான் சரிங்கிறதுல நான் மாறல. ஆனா இங்க ஆத்துத் தண்ணியில எவ்வளவு இருக்குன்னு மொத அளந்துட்டு, பத்தாததுக்கு மட்டும்தான் கலக்குறாக. உப்புக்காத்து அண்ணன் ஊர்ல அந்த மொத வேலையே இன்னும் செய்யல. அத நான் யோசிக்காம எழுதிட்டேன்.

உப்புக்காத்து:

போன வாரம் செஞ்சத எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பொம்பளைகளுக்குத் தண்ணி சோதிக்கப் பழக்கி, சோதனைப் பெட்டி (கிட்டு) குடுக்கணும்னு இருக்கு. எங்க ஊர்லயும் குடுத்துருக்காக, கிட்டு ஊராட்சி ஆபீஸ் பீரோவுல பிரிக்காம இருந்துச்சு. மருந்து தேதி தாண்டலையான்னு பாத்துட்டு, பழகுன அக்காமாருல மூணு பேரக் கூட்டிக்கிட்டு, அந்தப் பெரியவரையும் அந்தத் தகப்பனையும் ரெண்டு பேரையுமே வரச்சொல்லி, ஸ்கூல் திண்ணையில வச்சுப் பாத்தோம். டேங்குத் தண்ணி, ஊர் போர், வண்டித் தண்ணி, மணல் ஊத்து, ஸ்கூல் அடிபம்பு, அஞ்சு பாட்டில். அந்த மருந்து செவப்பா இருக்கும், ஃப்ளோரைடு கூடக் கூட செவப்பு வெளிறி மஞ்சளாகும், அட்டையில இருக்க நெறத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்.

வண்டித் தண்ணியும் ஊத்துத் தண்ணியும் செவப்பு மாறவே இல்ல. டேங்கு அன்னிக்கிக் காவிரி ஏத்துன நாளு, அதுவும் கிட்டத்தட்ட அப்பிடியே. ஊர் போர் லேசா வெளிறுச்சு. ஸ்கூல் அடிபம்பு ஊத்துனதும் ரெண்டு நிமிசத்துல சுத்தமா மஞ்சளாயிருச்சு, அட்டையில 1.5ஐத் தாண்டுன கட்டம். ரெண்டு தடவ பாத்தோம், அதேதான். எம் மகளும் மதினி மகளும் தெனமும் குடிக்கிற தண்ணி.

டேங்குல ஃப்ளோரைடு போடச் சொன்ன அந்தத் தகப்பன் அந்தப் பாட்டில கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு மகனும் அதே ஸ்கூல்தான். பெரியவரு ஒண்ணும் பேசல, போய் தன்னோட துண்ட எடுத்து அடிபம்புக் கைப்புடிய இறுக்கிக் கட்டிட்டு வந்துட்டாரு.

டேங்க்_ஆபரேட்டர்:

தம்பி, கிட்டு நெறம் வச்சு மட்டும் சபையில பேசாதீக, ஆபீசருக ஒத்துக்க மாட்டாக. குடிநீர் வடிகால் வாரிய லேபுல குடுத்து எழுத்துல வாங்குங்க. எங்க ஊர் பாட்டிலையும் சேத்துக் குடுத்துருவீகளா?

லேப்_பரமக்குடி:

பிளாஸ்டிக் பாட்டில்ல எடுங்க, கண்ணாடி வேணாம், ஃப்ளோரைடு கண்ணாடியோட சேரும். எடுக்குற தண்ணியாலயே மூணு தடவ அலசிட்டு நெறைங்க. எந்தப் போர், எத்தன அடி, என்ன தேதின்னு பாட்டில் மேல எழுதுங்க. மழைக்கு முன்னாடி ஒரு தடவ, மழைக்குப் பெறகு ஒரு தடவ.

உப்புக்காத்து:

ஆபரேட்டர் அண்ணே, கட்டாயம் குடுக்கேன். லேப் ரிசல்ட்டு எழுத்துல வந்ததும் போடுறேன். அக்டோபர் 2க்கு நாங்க எழுதி வச்சுருக்க தீர்மானம் இது, யாருக்காச்சும் வேணும்னா எடுத்துக்கங்க: "ஊராட்சியில் குடிக்கப் பயன்படும் எல்லா நீர் ஆதாரங்களையும், தனியார் வண்டித் தண்ணீர் உட்பட, வருடம் இரண்டு முறை ஃப்ளோரைடு சோதனை செய்து முடிவைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். அளவு மீறிய அடிபம்புக்குச் சிவப்பு வண்ணம் பூசி, பள்ளிக்குக் கூட்டுக் குடிநீர் இணைப்பும் தொட்டியும் தர வேண்டும். பள்ளியில் மதிய உணவுக்குப் பின் ஃப்ளோரைடு பேஸ்டால் பல் துலக்க ஏற்பாடு செய்ய வேண்டும்." கடைசி வரி அந்தத் தகப்பன் எழுதுனது. கலக்குறதப் பத்தி இப்ப ஒண்ணும் எழுதல, அளக்காம அதப் பேசக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாக.

வல்லத்துக்காரி:

அது வரைக்கும் ஸ்கூலுக்கு நாங்க நாலு வீட்டுல இருந்து முறை வச்சு வண்டித் தண்ணி குடம் குடுத்து விடுறோம். புதன்கெழமைக்கு ஆள் இல்ல, யாரு வாரீக?

உப்புக்காத்து:

புதன் எங்க வீடு, மதினி.